மூன்றாவது கிண்ணம்

செய்தி வந்தபோது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. நோரீன் பார்ஜெட்டர் கிட்லிங்டன் வீட்டுச் சமையலறையில் ருபார்ப் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் வந்தது அவளுக்குத் தெரியாத குரல்.

“மூர்ஹென் வீட்டம்மாவா பேசறது?”

கால்வாய்க்காரர்களுக்கு மனிதர்களின் குடும்பப் பெயர் தெரியாது. படகின் பெயர்தான் தெரியும். மூர்ஹென் என்பது அவள் கணவர் வில்ஃபின் படகு.

“ஆமா. நீங்க யாரு?”

“கர்லூ டெரிக், கண்ணு. ஃபென்னி காம்ப்டன்ல வில்ஃபுக்குப் பின்னாடி என் படகக் கட்டியிருக்கேன். நீங்க கொஞ்சம் உக்காருங்க, கண்ணு.”

அவள் உட்காரவில்லை. டெரிக் சொல்லி முடித்தார். காலையில் டீ எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் வில்ஃப் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பியபடி கிடந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது.

“நாய்ங்கள நெனச்சுக் கவலப்படாதீங்க. ரெண்டும் நல்லாருக்கு. எங்கிட்டதான் இருக்கு. ரெண்டும். ரெண்டு நாயும்.”

“சரி” என்றாள் நோரீன். கையில் கத்தி அப்படியே இருந்தது.

அழுகை பிறகுதான் வந்தது. இரண்டு நாள் கழித்து, கடையில் மார்மலேட் அடுக்கின் முன்னால். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் மனதில் தங்கியது வேறு விஷயம். ரெண்டு, ரெண்டு, ரெண்டு என்று மூன்று தடவை எதற்குச் சொன்னார்?

அவள் ஆக்ஸ்ஃபோர்டு பேருந்துகளில் இருபத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் வைத்திருப்பவர் கேட்டால் எடுத்து நீட்டுவார், அவ்வளவுதான். இல்லாதவர்தான் கேட்பதற்கு முன்பே அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். நாய் எத்தனை என்று டெரிக்கை யாரும் கேட்கவில்லையே.

வில்ஃபையே அவள் அப்படித்தான் பிடித்தாள். அவர் பணிமனை மெக்கானிக். ஒரு சாயங்காலம் பாஸ் இல்லாமல் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். பாஸ் இன்னொரு கோட்டில் இருக்கிறது என்றார். “எல்லாரும் அந்த இன்னொரு கோட்டத்தான் சொல்றாங்க” என்றாள் நோரீன். “நம்பலன்னா வந்து பாத்துக்கங்க” என்றார் வில்ஃப். அவள் அவர் நிறுத்தத்தில் இறங்கி, வீடு வரைக்கும் நடந்து, வாசலில் நின்று பார்த்தாள். இன்னொரு கோட்டு இருந்தது. பாஸும் இருந்தது. அடுத்த வருடம் கல்யாணம். ஒருமுறை உண்மையாக இருந்தது என்பதற்காக எப்போதும் உண்மையாக இருக்கும் என்று அர்த்தமில்லை என்று அவள் கல்யாண விருந்திலேயே சொன்னாள். விருந்தினர்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பிள்ளைகள் இல்லை. நாய்கள் இருந்தன, எப்போதும் இரண்டு. வில்ஃப் வேலைக்குப் போய்விட்டால் நாய்களைத் தெருவில் நடத்துவது அவள் பொறுப்பு. “எனக்கு இருக்கறது ரெண்டு கை. கைக்கு ஒரு நாய்” என்று அவள் சட்டம் போட்டாள். அதற்கு மேல் ஒரு நாய்க்குட்டியை வில்ஃப் எங்கே பார்த்துவந்து சொன்னாலும் அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவாள். பேச்சு முடிந்துவிடும்.

அறுபது வயதில் ஓய்வு பெற்றதும் வில்ஃப் அந்தப் படகை வாங்கினார். அறுபதடி நீளம், ஏழடி அகலம். நோரீன் ஒரே ஒரு வார இறுதி அதில் போனாள். படுக்கையில் திரும்பிப் படுக்க இடமில்லை. கழிப்பறையைப் பற்றி அவள் பேச விரும்பவில்லை. அதன்பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. ஏப்ரலில் இரண்டு நாய்களோடு வில்ஃப் தண்ணீருக்குப் போவார். அக்டோபரில் இரண்டு நாய்களோடு வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பேசுவார். பதினோரு வருடம்.

அந்தப் பதினோரு வருடத்தில் நோரீன் சில சாமான்களைச் சேர்த்து வைத்திருந்தாள், மனதுக்குள். அக்டோபரில் திரும்பும்போது அவர் ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் தாமதமாக வருவார். சோமர்டன் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும். ஒரு தடவை அவர் பையில் டாம்சன் பழ ஜாம் பாட்டில் இருந்தது, ஊதா மையில், சாய்ந்த கையெழுத்தில் எழுதிய சீட்டோடு. இன்னொரு தடவை கோட்டில் ஒரு பித்தான் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. அவர்கள் வீட்டில் பச்சை நூலே கிடையாது.

“யார் தச்சது?”

“வழியில ஒருத்தங்க.”

“எந்த ஒருத்தங்க?”

“சொல்லத் தெரியல, நோரீ.”

கால்வாய்க்காரர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே பதில்தான். மழை வருமா, டீசல் எங்கே கிடைக்கும், முன்னால் போன படகில் யார் இருக்கிறார்கள், எதைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. தெரியாததால் அல்ல. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வது அங்கே வழக்கமில்லை.

சவ அடக்கத்துக்குக் கால்வாயிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். கடைசி வரிசையில் நின்றார்கள். ஹாம் சாண்ட்விச் சாப்பிட வராமல் போய்விட்டார்கள். ஏழு பேரில் இரண்டு பெண்கள். நோரீன் இருவர் முகத்தையும் பார்த்தாள். இரண்டுமே அந்த முகம் இல்லை என்று தோன்றியது. அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து டெரிக் பேசினார். ஒரே இடத்தில் பதினாலு நாளுக்கு மேல் படகைக் கட்டக் கூடாது, நாளையோடு கெடு முடிகிறது என்றார்.

“நான் கொண்டுவந்து உங்க ஊர்ப் பக்கம் த்ரப்ல கட்டிடறேன். நாலு நாள்ல வந்துரும். நாய்ங்களையும் கூட்டிட்டு வந்துர்றேன். நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

“நானும் வரேன்.”

அந்தப் பக்கம் டெரிக் ஒரு நாயை அதட்டினார்.

“தாராளமா” என்றார் டெரிக்.

டெரிக் ஒல்லியான ஆள். தாடி, டீசல் வாசனை, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை. தன் கர்லூவை நண்பர் ஒருவரிடம் விட்டுவிட்டு மூர்ஹென்னின் சுக்கானுக்கு வந்திருந்தார். நாய்கள் அவளைக் கண்டதும் ஓடி வந்தன. டிங்கர் கிழட்டு லாப்ரடார் கலப்பு. ஃப்ளோ குட்டையான டெரியர். இரண்டும் கரிக்கறுப்பு. நோரீன் ஒவ்வொன்றின் தலையிலும் கை வைத்தாள். பிறகு, “நான் உள்ள கொஞ்சம் பாக்கறேன்” என்றாள்.

“பாருங்க கண்ணு, உங்க படகுதான.”

“என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க.”

“சரிங்க, மிசஸ் மூர்ஹென்.”

படகுக்குள் அவள் ஒரு மணி நேரம் இருந்தாள். வில்ஃபின் உடைந்த கண்ணாடி ஒட்டுநாடா சுற்றியபடி அலமாரியில் இருந்தது. அவருடைய டீக்கோப்பை கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதுவே சந்தேகத்துக்குரியது. வில்ஃப் தன் வாழ்நாளில் கோப்பையைத் துடைத்ததில்லை. யாரோ எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். ஒழுங்கு செய்பவர் எதையாவது எடுத்துமிருப்பார்.

ஆனால் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. தொட்டிக்குக் கீழே நாய்களின் எனாமல் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவள் அவற்றைப் பிரித்துத் தரையில் வைத்தாள். மூன்று. மூன்றும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. போர்வையில் முடி ஒட்டியிருந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். செம்பட்டை முடி, விரல் நீளம். வந்த கடிதம் ஒன்றின் உறையைக் காலி செய்து அதற்குள் நான்கைந்து முடிகளைப் போட்டு மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் இன்னொன்று தொங்கியது, நீலக் கயிற்றில் நாய்க்குக் கட்டும் வார். ஒரு முனையில் கொக்கி பூட்டியிருந்தது. கைப்பிடி முனையில் கயிற்றின் மூன்று புரிகளும் விரிந்து நின்றன. வில்ஃப் பழைய படகுக் கயிறுகளை இப்படிப் புரி பிரித்துக் கோத்து வார் செய்வார். ஆனால் கரைப்பாதையில் நாய்களைக் கட்டவே மாட்டார். வார் கிட்லிங்டன் தெருக்களுக்குத்தான். ஒரு நாய் வீட்டுக்கு வரும்போது அதற்கென்று ஒரு வார் கோப்பார். வீட்டு வாசலில் இரண்டு கொக்கிகள், இரண்டு வார்கள். அவை இப்போதும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

“இது யாருக்கு டெரிக்?”

டெரிக் எட்டிப் பார்த்தார். “சொல்லத் தெரியலங்க.”

மே மாதம். கரை நெடுக முள்வேலிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. படகு நடப்பவரை விட மெதுவாகப் போனது. நாய்கள் சில சமயம் இறங்கி, முன்னால் நடந்து, திரும்பிப் பார்த்து, படகு வரக் காத்திருந்தன. கால்வாய் ஒரு குன்றைச் சுற்றிச் சுற்றி வளைந்தது. ஒரே சர்ச் கோபுரம் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம் வந்தது. நோரீன் மடக்கு நாற்காலியில் முன்தளத்தில் உட்கார்ந்து டெரிக் கொடுத்த பன்றிக்கறி சாண்ட்விச்சைச் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இப்படி ஒரு இடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எதற்கு அக்டோபரில் வீட்டுக்கு வர வேண்டும்?

எதிரே வரும் படகுகளில் இருந்தவர்கள் தொப்பியைத் தொட்டார்கள். “வருத்தமா இருக்கும்மா” என்றார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொருவரின் கண்ணும் ஒருமுறை மூர்ஹென்னின் கூரைக்குப் போய்த் திரும்பியது. புகைபோக்கிக்குப் பக்கத்தில் நான்காக மடித்த ஒரு பழைய நிலக்கரிச் சாக்கு கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம். நோரீன் எழுந்து போய் அந்தப் பள்ளத்தில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே எதுவோ படுத்திருந்திருக்கிறது, பல வருடமாக.

கிளேடனில் படகைப் படிப்படியாகக் கீழே இறக்கும் ஐந்து மதகுகள் அடுத்தடுத்து. படகு மதகுக்குள் நுழைந்ததும் கதவை மூடி, சாவியால் பலகையைத் திருகித் தூக்கி, தண்ணீர் வடிந்ததும் கீழ்க்கதவைத் திறந்து வெளியே விட வேண்டும். நோரீனுக்கு இரண்டாவது மதகிலேயே வேலை பிடிபட்டுவிட்டது. ஒரு மதகை விட்டுக் கிளம்புமுன் சுக்கானில் நிற்பவர் நாய்களைச் சத்தமாக எண்ணுவார். கால்வாயில் அது வழக்கம். எண்ணாமல் கிளம்பினவர்கள் இரண்டு மைல் போன பிறகு நாய்க்காகத் திரும்பி வந்த கதைகள் ஏராளம்.

“ஒண்ணு, ரெண்டு. போலாம்” என்றார் டெரிக் முதல் மதகில். இரண்டாவதிலும், மூன்றாவதிலும், நான்காவதிலும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கவனமாக.

ஐந்தாவதில் அவர் யாரோ ஒரு விவசாயியின் எருமைப்பண்ணையைத் திட்டிக்கொண்டிருந்தார். “அந்தாளு வேலியப் பாத்தீங்களா, அத வேலின்னு சொல்றதே... ஒண்ணு, ரெண்டு, மூணு, போலாம்... வேலின்னு சொல்றதே பாவம்.”

என்ஜின் இரண்டு தடவை துப்பியது. டெரிக் வாயை மூடினார்.

நோரீன் ஒன்றும் சொல்லவில்லை. பரிசோதகர் வேலையில் அது பாதி. ஆளைப் பிடித்ததும் கேட்கக் கூடாது. அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும். க்ரோப்ரெடியில் படகைக் கட்டி, டீயை ஊற்றி, பிஸ்கட் தட்டை நடுவில் வைத்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

“மூணாவது எது டெரிக்?”

“எந்த மூணாவது?”

“நீங்க எண்ணினது.”

டெரிக் பிஸ்கட்டை டீயில் முக்கினார். அதிக நேரம் முக்கினார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. “உங்களையும் சேத்து எண்ணிட்டேன் போலிருக்கு.”

“என்னையா? நாய்க் கணக்குலயா?”

“தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க தண்ணில அது பெரிய மரியாதை.”

டிங்கர் மேசைக்குக் கீழிருந்து பெருமூச்சு விட்டது. நோரீன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு எங்கே இருக்கும் என்று அவள் வாய்க்குத் தெரிந்தது.

அவள் கணக்கு இப்போது தெளிவாகிக்கொண்டிருந்தது. ஒரு பெண் இருக்கிறாள். செம்பட்டை நாய் வைத்திருக்கிறாள். ஜாம் செய்வாள், பித்தான் தைப்பாள், ஊதா மையில் எழுதுவாள். சோமர்டன் பக்கத்தில் எங்கோ இருக்கிறாள். சில வாரங்கள் நாயோடு படகிலும் வந்து இருப்பாள், அதனால்தான் கிண்ணம். வில்ஃப் செத்த அன்று காலை டெரிக் அவளையும் நாயையும் அப்புறப்படுத்தி, கோப்பையைக் கழுவித் துடைத்திருக்கிறார். எல்லாம் பொருந்தியது. அந்த வாரை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாயை ஊருக்குள் எதற்குக் கூட்டிப்போக வேண்டும்? யார் வீட்டுக்கு?

நாற்பத்திரண்டு வருட வாழ்க்கை. அது முழுக்க டிக்கெட்டோடு ஓடியதா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் படகைக் கட்டுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

மறுநாள் பான்பரி தாண்டினார்கள். தூக்குப் பாலம் ஒன்றில் சங்கிலியைப் பிடித்துத் தொங்கி நோரீன் தன் முழு எடையையும் கொடுத்தாள். பாலம் சாவகாசமாக எழுந்தது. “நல்லா தொங்கறீங்க” என்றார் டெரிக். “வில்ஃப் கூட இவ்வளவு நல்லா தொங்கினதில்ல.”

“வில்ஃப் தனியாவா தொங்குவாரு?”

“சொல்லத் தெரியலங்க.”

மூன்றாம் நாள் காலை உணவுக்கு அவள் அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். டாம்சன். ஊதா மை, சாய்ந்த எழுத்து. அவள் டெரிக்கையே பார்த்தாள். டெரிக் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூடியைத் திறந்து ரொட்டியில் தடவிக்கொண்டார்.

“நல்ல ஜாம்” என்றார்.

“யார் செஞ்சது?”

“வாய் நெறைய இருக்குங்க.”

ஐன்ஹோ தாண்டி, செர்வெல் ஆறு கால்வாயைக் குறுக்கே வெட்டிப்போகும் இடத்தையும் கடந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் படகை ஒரு பக்கமாகத் தள்ளியது, டெரிக் சுக்கானில் சாய்ந்து நின்றார். பிறகு மறுபடி அசையாத கால்வாய். மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தது. டெரிக் என்ஜினைக் கொஞ்சம் வேகமாக விட்டார். மூன்று நாளில் அவர் வேகமாக விட்டது அதுதான் முதல் தடவை.

“மழ வர்ற மாதிரி இருக்கு. சோமர்டன்ல நிக்காம ஹேஃபர்ட் போயிடலாம்.”

“போலாமே” என்றாள் நோரீன். எழுந்து படகின் பின்பக்கம் வந்து அவர் அருகே நின்றுகொண்டாள்.

ஒரு வளைவு வந்தது. வளைவுக்குப் பின்னால் தூக்கி வைத்த மரப்பாலம் ஒன்று, முள்வேலி, வேலிக்கு மேலே ஒரு கல்வீட்டின் கூரை மட்டும். டிங்கருக்குப் பதின்மூன்று வயது. க்ரோப்ரெடியிலிருந்து மதகுகளில் யாராவது தூக்கி விட்டால்தான் இறங்கும். அது முன்தளத்தில் எழுந்து நின்றது. வாலை ஆட்டியது. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கெஜம் தண்ணீர் இருக்கும்போதே தாவியது. பின்னாலேயே ஃப்ளோ. இரண்டும் வேலி இடுக்கில் நுழைந்து, ஒரு பச்சைக் கதவின் முன் போய் உட்கார்ந்தன. அந்த வீட்டுக்குப் பல தடவை வந்துபோன நாய்கள் உட்காரும் விதம் அது.

“நிறுத்துங்க.”

“மழ, மிசஸ்...”

“நிறுத்துங்க, டெரிக்.”

அவர் நிறுத்தினார். கயிற்றைக் கட்டும்போது அவளைப் பார்க்கவில்லை. “அவரு யாருக்கும் எந்தக் கெடுதலும் பண்ணல” என்றார். மூன்று நாளில் அந்த விஷயத்தைப் பற்றி அவர் தானாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

நோரீன் கோட்டின் பித்தான்களைப் போட்டாள். தலைமுடியைச் சரிசெய்தாள். கதவுக்குப் போவதற்குள் அது திறந்துவிட்டது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் நின்றாள். அறுபது வயது இருக்கும். தடித்த கைகள், நகத்தில் மண், நெற்றியில் ஒரு கீறல்.

“நோரீன்” என்றாள் அவள். கேள்வியாக இல்லை.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியணும்.”

“தெல்மா. உள்ள வாங்க, மழ வருது. டெரிக் ஒண்ணும் சொல்லலியா?”

“டெரிக்குக்குச் சொல்லத் தெரியாது.”

“அதுவும் சரிதான்” என்றாள் தெல்மா. சமையலறைப் பக்கம் திரும்பி, “பிரிக்!” என்று கூப்பிட்டாள்.

சமையலறையிலிருந்து ஒரு நாய் நொண்டிக்கொண்டு வந்தது. செங்கல் நிறம். முன்கால் ஒன்று தரையைத் தொடவில்லை. டிங்கரும் ஃப்ளோவும் அதன் மேல் விழுந்தன. மூன்றும் ஒன்றையொன்று மோந்து, சுற்றி, இடித்து, தரையெல்லாம் ஈரமாக்கின.

நோரீன் கோட்டுப் பையிலிருந்து உறையை எடுத்தாள். முடிகளை உள்ளங்கையில் கொட்டினாள். குனிந்து அந்த நாயின் முதுகோடு வைத்துப் பார்த்தாள். தெல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அவரு சொன்னப்ப நான் நம்பல. நெசமாவே இப்படித்தானா நீங்க?”

“இது யாரோட நாய்?”

“வில்ஃபோடது. ஒம்பது வருஷமா. ஐன்ஹோ மதகுல யாரோ விட்டுட்டுப் போயிருந்தாங்க, குட்டி, மதகுக் கதவுல கால் மாட்டி நசுங்கியிருந்தது. தூக்கிட்டு நேரா இங்க வந்தாரு. கோடை பூரா படகுல இருப்பா. அக்டோபர்ல இங்க விட்டுட்டுப் போவாரு. ஏப்ரல்ல வந்து கூட்டிட்டுப் போவாரு. அவரு போன அன்னைக்கு டெரிக் போன் பண்ணான், நான் வண்டியில போய்த் தூக்கிட்டு வந்தேன்.”

“ஜாம்?”

“என் மரத்துப் பழம்.”

“பித்தான்?”

“இந்தக் கழுதைதான் கடிச்சுப் பிச்சுது. நான் தச்சுக் குடுத்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம்னா?”

“அவ்வளவுதானா?”

தெல்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்கு வேற ஏதோ வேணும் போலிருக்கு. இருந்தா குடுத்திருப்பேன்.”

நோரீன் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு நாற்காலியில்தான் மெத்தை இருந்தது. கதவோரம் கிடந்த செருப்புகளை இரண்டு தடவை பார்த்தாள். வில்ஃப் காலுக்குப் பாதிகூட இருக்காது. இன்னொரு கோட்டு இருந்தது, அதில் பாஸும் இருந்தது. ஆனால் மனதில் நிம்மதி வரவில்லை. அவள் எதிர்பார்த்து வந்தது ஒரு பெண்ணை. ஒரு பெண்ணாக இருந்திருந்தால் குற்றம் வில்ஃபுடையது.

“ஒரு நாய ஒம்பது வருஷம் ஒளிச்சு வைக்கணும்னா, நான் எப்பேர்ப்பட்டவளா இருந்திருக்கணும்?”

தெல்மா கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

“உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல அவரு. ஒவ்வொரு வருஷமும், இந்தத் தடவ வீட்டுல சொல்லிடறேன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. ஏப்ரல்ல வந்து நிப்பாரு. என்ன ஆச்சுன்னு கேட்டா, ‘டிக்கெட் இல்லாம ஏறிட்டேன் தெல்மா, இத்தன நிறுத்தம் தாண்டினப்புறம் எழுந்து போய் எப்படிச் சொல்றது’ம்பாரு.”

நோரீன் ஜன்னலைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆள்கூட எழுந்து வந்து சொன்னதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியிருப்பாள். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

மழை வந்தது, அரை மணி நேரம் பெய்தது, நின்றது. டீ குடித்தார்கள். டெரிக் படகிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை.

“இப்ப இவள என்ன பண்றது?” என்றாள் நோரீன்.

“மே மாசம். மே மாசத்துல அவ படகுலதான் இருப்பா. நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது. குளிர்காலத்துல இங்க எடம் இருக்கு. எப்பவும் இருக்கு. விக்கறீங்களா படக?”

“தெரியல.”

“அவளக் கேளுங்க.”

கேட்கவேண்டி இருக்கவில்லை. கதவைத் திறந்ததும் பிரிக் மற்ற இரண்டுக்கும் முன்னால் நொண்டிக்கொண்டு போனது. கரையில் உயரமான இடம் பார்த்து, அங்கிருந்து மூர்ஹென்னின் கூரையில் ஏறி, புகைபோக்கிப் பக்கம் போய், ஈரச் சாக்கை இரண்டு தடவை சுற்றி, அந்தப் பள்ளத்தில் படுத்தது. பிறகு தலையைத் தூக்கிப் பின்தளத்தைப் பார்த்தது. சுக்கானில் நின்றவர் டெரிக். அது அவரைத் தாண்டிப் பார்த்தது, படகுக்குப் பின்னால், கரைப்பாதை நெடுக. நெடுநேரம் பார்த்தது.

நோரீன் கயிற்றை அவிழ்த்து ஏறினாள். டெரிக் காத்திருந்தார். எண்ண வேண்டியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஒண்ணு” என்றாள் நோரீன். “ரெண்டு.” கூரையைப் பார்த்தாள். “மூணு. போலாம்.”

“உங்களச் சேக்காமலா?” என்றார் டெரிக்.

“வாய மூடிட்டு ஓட்டுங்க.”

மறுநாள் சாயங்காலம் த்ரப் வந்து சேர்ந்தார்கள். டெரிக் படகைக் கட்டி, என்ஜினை நிறுத்தி, தன் பையை எடுத்துக்கொண்டார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். “நல்லா எண்ணறீங்க, நோரீன்” என்றார் போகும்போது. முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் தடுக்கவில்லை.

வீடு ஒன்றரை மைல். கடைசி முக்கால் மைல் பெரிய சாலையோரம், லாரிகள் போகும் வழி. நோரீன் கிண்ணங்கள் மூன்றையும் கழுவி, துடைக்காமல் கவிழ்த்தாள். பிறகு அடுப்போரத்து ஆணியிலிருந்து நீல வாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொக்கிக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு இருந்தது. படகுக்குள் இருட்டாக இருந்ததால் முதல் நாள் அவள் அதைக் கவனிக்கவில்லை. அதில் உளியால் கொத்திய எழுத்துகள்: பிரிக், அதற்குக் கீழே கிட்லிங்டன் வீட்டுத் தொலைபேசி எண். கைப்பிடி முனையில் புரிகளை ஐந்து சுற்றுக் கோத்தால்தான் இழுப்புக்கு நிற்கும். வில்ஃப் இரண்டு சுற்றுதான் கோத்திருந்தார், மூன்று சுற்று பாக்கி இருந்தது.